ஆஸ்பத்திரிக் கழிவும் அயலார் நிலமும்

2024-ம் வருஷம் டிஸம்பர் மாதத்தில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த நடுக்கல்லூர், கோடகநல்லூர், பழவூர் முதலிய கிராமங்களின் எல்லையில் மூட்டை மூட்டையாகக் கிடந்த சரக்கைப் பற்றிய செய்தியை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உபயோகித்த ஊசிகள், கையுறைகள், மருந்துப் புட்டிகள், குளுகோஸ் ஏற்றிய குழாய்கள் ஆகிய இவற்றின் நடுவே நோயாளிகளின் பெயரும் சிகிச்சை விவரமும் எழுதிய காகிதங்களும் இருந்தன. அந்தக் காகிதங்களே உண்மையைக் காட்டிக் கொடுத்தன. சரக்கு மலைக்கு அப்பாலிருந்து, திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்தது என்பது தெரிந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே விஷயத்தை எடுத்துக்கொண்டு, மூன்று நாட்களுக்குள் அதை அகற்றும்படி கேரள ஸர்க்காருக்கு உத்தரவிட்டது. டிஸம்பர் 22-ந் தேதி அந்த ராஜ்யத்து அதிகாரிகள் லாரிகளுடன் வந்து அள்ளிச் சென்றனர். உள்ளூர்த் தரகர், லாரிக்காரர், கழிவு அகற்றும் கம்பெனியின் மேற்பார்வையாளர் என்று சிலர் கைதாயினர்.

லாரி திரும்பிப் போனதோடு விவகாரம் தீர்ந்ததென்று பலர் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. அன்று திரும்பிப் போனது கண்ணில் பட்ட குப்பை மட்டுமே. புளியரையிலும் களியக்காவிளையிலும் வாளையாரிலும் சோதனைச் சாவடிகள் இருந்தும் அந்தச் சரக்கு எவ்வாறு வந்தது என்ற கேள்வியை எல்லோரும் கேட்டனர், கேட்கத்தக்க கேள்விதான். ஆனால் அதற்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு. இந்தச் சரக்கு ஆஸ்பத்திரி வாசலை விட்டு எப்படி வெளியே வந்தது? யார் கையெழுத்திட்டு அனுப்பினார்கள்? அனுப்பியபின் அது எங்கே போயிற்றென்று யார் விசாரித்தார்கள்? வாசலிலேயே கேட்கவேண்டிய கேள்வியைச் சாவடியில் நிற்கும் போலீஸ்காரரிடம் ஒப்படைத்துவிட்டு நாம் நிம்மதியடைவது பேதைமையாகும்.

இதனை மலையாளிக்கும் தமிழனுக்கும் உள்ள வழக்காக ஆக்கப் பார்ப்பவர்களும் இருக்கின்றனர். அவர்களோடு நாம் சேரமாட்டோம். நமது சொந்த நகரங்களின் குப்பைக் கிடங்குகளைக் கிளறும் ஏழைகளைக் கேட்டால், ஊசி குத்தாத கை தங்களில் எவருக்கும் இல்லை என்று சொல்வார்கள். அந்த ஊசிகள் மலை தாண்டி வந்தவையல்ல. சில காலத்துக்கு முன் நாம் ஓர் ஊரில் தனியார் வைத்தியசாலை ஒன்றின் பின்புறத்தைக் காண நேர்ந்தது. மஞ்சள், சிவப்பு, நீலம் என்று தொட்டிகள் வரிசையாக, சட்டப்படி எழுத்துக்களோடு, வெகு அழகாக இருந்தன. நாம் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு பையன் தள்ளுவண்டியோடு வந்து மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அதிலே கவிழ்த்துக்கொண்டு போனான். தொட்டிகளின் வர்ணம் இன்ஸ்பெக்டருக்காக, வண்டி வேலைக்காக!

மருத்துவக் கழிவு என்றவுடன் அனைத்தும் விஷம் என்று எண்ணுவது தவறு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி ஆஸ்பத்திரியில் சேரும் கழிவில் சுமார் 85 சதவீதம் வீட்டுக் குப்பையைப் போன்றதே: காகிதம், சோற்றுப் பொட்டலம், அட்டைப் பெட்டி. எஞ்சிய 15 சதவீதமே தொற்றோ, நஞ்சோ, கதிரியக்கமோ உடையது. இந்த 15-ஐ அந்த 85-உடன் கலந்துவிட்டால் நூறும் அபாயமாகி விடுகிறது. அவ்வளவையும் எரிக்கவோ கிருமி நீக்கவோ பணம் யாரிடமும் இராது. ஆகையால் அவ்வளவும் எங்கேனும் போய் விழுகிறது. நோயாளியின் கட்டிலருகே, ஊசி போட்ட அந்தக் கணத்திலே, நர்ஸின் கை எந்தத் தொட்டியை நோக்கிப் போகிறது என்பதைப் பொறுத்தே பின்னால் நடப்பது யாவும் அமைகின்றது. பிரித்து வைப்பது அங்கே நடக்காவிட்டால் பிறகு எந்த இயந்திரத்தாலும் நடவாது.

ஊசியின் அபாயம் எத்தன்மையது? நோயாளி ஒருவருக்குப் போட்ட ஊசி, தடுப்பு மருந்து பெறாத வேறொருவர் கையில் ஒரே தடவை குத்தினால், அந்நோயாளிக்கு ஹெபடைடிஸ்-பி இருக்கும் பக்ஷத்தில், நூற்றுக்கு 30 பங்கு அது தொற்றக்கூடும் என்று அதே ஸ்தாபனம் கூறுகிறது. ஹெபடைடிஸ்-சி நூற்றுக்கு 1.8, எச்.ஐ.வி. நூற்றுக்கு 0.3. குப்பை பொறுக்குபவனும் துப்புரவுத் தொழிலாளியும் ஒரே தடவை குத்திக்கொள்பவர்கள் அல்லர். 2009-ம் வருஷத் தொடக்கத்தில் குஜராத்தில் ஸாபர்காண்டா ஜில்லாவின் மோடாஸா நகரத்தைச் சுற்றி ஹெபடைடிஸ்-பி பரவிப் பலர் மாண்டனர். ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவர்களுக்கும் போட்டதே காரணம் என்று வெளியாயிற்று. உபயோகித்த ஊசிகளைச் சேர்த்து விற்கும் வியாபாரமும் அப்போதுதான் அம்பலத்துக்கு வந்தது. கழிவு என்று நாம் எறிவது ஒருவனுக்குச் சரக்காகிறது என்பதை இவ்விஷயத்தில் ஒருபோதும் மறத்தலாகாது.

நம் தேசத்தில் சட்டத்துக்குக் குறைவில்லை. 1986-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1998-ல் முதன்முதலாக மருத்துவக் கழிவு விதிகள் செய்யப்பட்டன; 2016 மார்ச் மாதத்தில் அவை புதிதாக்கப்பட்டன. அவ்விதிகளைப் படித்தவர்கள் அவை தெளிவானவை என்பதை ஒப்புக்கொள்வர். உடலுறுப்புகள், இரத்தம் தோய்ந்த பஞ்சு, காலாவதியான மருந்து முதலியன மஞ்சள் பையில். குழாய், பை, கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்சு முதலிய பிளாஸ்டிக் யாவும் சிவப்புப் பையில். ஊசி, கத்தி முதலிய கூரான பொருள்கள் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில். கண்ணாடிப் புட்டிகளும் உடலில் பொருத்திய உலோகங்களும் நீலப் பெட்டியில். இவை வெறும் அலங்கார வர்ணங்கள் அல்ல. மஞ்சள் பை எரிஉலைக்குப் போகவேண்டும். அதன் முதல் அறையில் சுமார் 800 டிகிரியும் இரண்டாவது அறையில் சுமார் 1050 டிகிரியும் உஷ்ணம் இருக்கவேண்டும். புகை அந்த இரண்டாவது அறையில் இரண்டு விநாடி தங்கவேண்டும். அவ்வளவு உஷ்ணமின்றி எரித்தால், விசேஷமாகப் பி.வி.சி. பிளாஸ்டிக்கைச் சேர்த்து எரித்தால், டயாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு உண்டாகிறது. ஆதலால்தான் சிவப்புப் பையிலுள்ளதை எரிக்காமல் ஆட்டோகிளேவ் என்னும் நீராவிப் பாத்திரத்தில் அழுத்தத்துடன் வேகவைத்து, பிறகு தூள்தூளாக வெட்டவேண்டுமென்று விதி செய்தார்கள். வெட்டிவிட்டால் அது பழைய சிரிஞ்சாக மறுபடியும் சந்தைக்கு வராதல்லவா? வயலோரத்தில் குவித்து நெருப்பு வைக்கும் லாரிக்காரன் இந்த ஏற்பாடுகள் அனைத்தையும் ஒரு தீக்குச்சியில் முடித்துவிடுகிறான்.

சுத்திகரிக்காத மஞ்சள் கழிவை 48 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக்கூடாது என்பது இன்னொரு விதி. நாள் தவறாமல் வண்டி வரவேண்டும் என்பது இதன் பொருள். 75 கிலோமீட்டர் தூரத்துக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று இருக்குமாயின் ஆஸ்பத்திரி தனக்கென்று எரிஉலை வைத்துக்கொள்ளலாகாது, அங்கேதான் அனுப்பவேண்டும். இது நல்ல ஏற்பாடே. ஒவ்வொரு தெருவிலும் ஓர் எரிஉலை புகைவதைவிட ஜில்லாவுக்கொன்றாகச் சரியாக நடத்துவது மேல். ஆனால் நிலையம் அருகில் இல்லாத இடங்களில் என்ன நடக்கிறது? கேரளத்தில் நெடுங்காலம் இந்தப் பாரத்தின் பெரும்பகுதியை இந்திய மருத்துவச் சங்கத்தார் பாலக்காட்டில் நடத்தும் நிலையமே சுமந்து வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து அது ஏறக்குறைய 300 கிலோமீட்டர். திருநெல்வேலியோ அதில் பாதி தூரந்தான். நிலையத்துக்கு அனுப்பினால் கட்டணமும் கொடுக்கவேண்டும். திருநெல்வேலிக்கு அனுப்பினால் லாரி வாடகையோடு தீர்ந்தது. குப்பை பள்ளத்தை நாடிப் போகும் தண்ணீரைப் போன்றது. எங்கே செலவு குறைவோ அங்கே ஓடும். நிலையம் கட்ட முயலும்போதெல்லாம் எந்த ஊராரும் தங்கள் ஊரில் வேண்டாமென்கிறார்கள். அவர்களைக் குறை கூற நமக்கு மனமில்லை. ஆயினும் நிலையம் இல்லாத ராஜ்யத்தில் கழிவு இல்லாமற் போவதில்லை. அது அயலான் ஊருக்குப் போகிறது, அவ்வளவே.

கட்டணம் வசூலிக்கும் முறையிலும் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. கட்டில் ஒன்றுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று வாங்கினால், பிரித்து வைத்தாலும் வைக்காவிட்டாலும் செலவு ஒன்றே. ஆகையால் ஆஸ்பத்திரி நிர்வாகிக்குப் பிரிப்பதில் சிரத்தை இல்லை. எடைக்கு இவ்வளவு என்று வாங்கினாலோ, எடையைக் குறைத்துக் காட்ட ஆசை பிறக்கிறது. குறைந்த எடை முனிஸிபல் குப்பை வண்டியில் ஏறுகிறது. சிவப்புப் பையிலுள்ள பிளாஸ்டிக்குக்குப் பழைய சாமான் கடையில் விலை உண்டு. மஞ்சள் பைக்கு இல்லை. எனவே சிவப்பு பின்வாசல் வழியாக விலைபோகிறது. கட்டில் எண்ணிக்கையையும் எடையையும் ஒருங்கே வைத்துக் கணக்குப் பார்த்தால், இத்தனை கட்டில் உள்ள ஆஸ்பத்திரி இவ்வளவு குறைந்த கழிவு எப்படி அனுப்பியது என்று ஒரு குமாஸ்தாவே கண்டுபிடித்துவிடலாம். இதற்குப் பெரிய சாஸ்திரம் தேவையில்லை.

இனி, இதில் நாம் முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருவோம். 2024-ல் விவகாரம் வெளிவந்தபோது, கழிவை அகற்றும் வேலையைக் காண்ட்ராக்டரிடம் ஒப்படைத்தாயிற்று, அதற்குமேல் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற சமாதானம் கேட்கப்பட்டது. இவ்வித சமாதானம் புதிதன்று. சட்டம் படித்தவர்களுக்கு இதன் வயது தெரியும். இங்கிலாந்தில் ஒரு மில் முதலாளி தமது நிலத்தில் நீர்த்தேக்கம் ஒன்று கட்டுவித்தார். கட்டியவர்கள் காண்ட்ராக்டர்கள். தண்ணீர் உடைத்துக்கொண்டு அண்டை அயலாரின் சுரங்கத்தில் புகுந்தது. முதலாளியிடம் நேரடியாக எந்தக் கவனக்குறைவும் இல்லை. ஆயினும், வெளிச்சென்றால் தீங்கு விளைக்கக்கூடிய பொருளைத் தன் நிலத்தில் கொண்டுவந்து வைப்பவன், அது வெளியேறியதால் வந்த நஷ்டத்துக்குத் தானே பொறுப்பு என்று 1868-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ரைலண்ட்ஸ் எதிர் ஃப்ளெட்சர் என்ற அந்த வழக்கைப் படிக்காத வக்கீல் இல்லை. நமது ஸுப்ரீம் கோர்ட் 1986-ம் வருஷக் கடைசியில், டில்லி விஷவாயுக் கசிவு வழக்கில், இதற்கும் ஒருபடி மேலே சென்றது. ஆங்கிலேயச் சட்டம் அனுமதிக்கும் விதிவிலக்குகளைக்கூட அபாயகரமான தொழில் நடத்துபவன் சொல்லித் தப்பக்கூடாது என்று கூறிற்று. 1996-ல் வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளின் வழக்கிலே, அசுத்தம் செய்தவனே செலவையும் ஏற்கவேண்டும் என்ற நியாயம் நம் தேசத்துச் சட்டத்தின் பகுதி என்று உறுதிப்பட்டது.

2016-ம் வருஷத்து விதிகளும் இதையே சொல்லுகின்றன. கழிவைத் தவறாகக் கையாண்டதால் சுற்றுப்புறத்துக்கோ பொதுஜனங்களுக்கோ நேரும் நஷ்டத்துக்கு ஆஸ்பத்திரியாரும் சுத்திகரிப்பு நிலையத்தாரும் பொறுப்பாளிகள் என்று தனி விதி இருக்கிறது. பையை வாசலில் கொடுத்து ரசீது வாங்கியதோடு ஆஸ்பத்திரியின் கடமை தீர்ந்துவிடும் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அமெரிக்காவில் 1980-களின் பிற்பகுதியில் நியூயார்க், நியூஜெர்ஸி கடற்கரைகளில் ஊசிகள் வந்து ஒதுங்கியபோது, அந்நாட்டுக் காங்கிரஸ் 1988-ல் செய்த சட்டத்தின் சாரமும் ஒரு சீட்டுத்தான். கழிவை உண்டாக்கியவர் கையிலிருந்து புறப்படும் சீட்டு, அழிக்கப்பட்ட இடத்திலிருந்து கையெழுத்துடன் அவரிடமே திரும்பி வரவேண்டும். வராவிட்டால் அவர்தாம் தேடிப் போகவேண்டும். நம் விதிகளிலும் ஒவ்வொரு பைக்கும் பார்கோடு ஒட்டவேண்டும், வண்டியின் போக்கை ஜி.பி.எஸ். கருவியால் கவனிக்கவேண்டும் என்று இருக்கிறது. பார்கோடு ஒட்டிய பை திருநெல்வேலிக் காட்டில் கிடந்தால் அது யாருடைய தவறு என்பது அரை மணியில் தெரியும். பார்கோடு ஒட்டாத பை கிடந்தால் அதுவே முதல் குற்றம்.

தண்டனை விஷயத்தில் நமது ஸர்க்கார்கள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போயிருக்கின்றன. முன்பு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறியவருக்கு ஐந்து வருஷம் வரை சிறைவாசமும், லக்ஷ ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமிருந்தது. 2023-ல் மத்திய ஸர்க்கார் செய்த ஜன் விஸ்வாஸ் சட்டம் அந்தச் சிறைவாசத்தை நீக்கி, 10 ஆயிரம் முதல் 15 லக்ஷம் ரூபாய் வரை ஓர் உத்தியோகஸ்தர் விதிக்கும் அபராதமாக மாற்றிவிட்டது. கட்டத் தவறினாலன்றிச் சிறையில்லை. இது 2024 ஏப்ரல் முதல் அமுலில் இருக்கிறது. திருநெல்வேலிச் சம்பவம் நடந்தது அதற்குப் பின்னரே என்பது கவனிக்கத்தக்கது. மறுபுறம், தமிழ்நாட்டுச் சட்டசபை 2025-ல் குண்டர் சட்டம் என்று வழங்கும் 1982-ம் வருஷத்துச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவக் கழிவைக் கொட்டுபவர்களையும் விசாரணையின்றிக் காவலில் வைக்க வழி செய்தது.

நோக்கம் நல்லதென்பதை ஒப்புகிறோம். கிராமவாசிகளின் கோபமும் நியாயமானதே. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ன ஏற்படுகிறது? கழிவை உண்டாக்கி, மலிவான காண்ட்ராக்டரைத் தேடிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்ட கனவானுக்கு அபராதச் சீட்டு; இரவில் லாரி ஓட்டிய கூலிக்காரனுக்கு ஒரு வருஷம் வரை விசாரணையற்ற சிறை. 1919-ல் ரௌலட் சட்டத்தை எதிர்த்து எழுந்த தேசத்தார், விசாரணையின்றி அடைப்பதை எத்தகைய குற்றத்துக்கும் எளிதில் ஒப்புக்கொள்ளக்கூடாது என்பது நமது பழைய அபிப்பிராயம். அதை இங்கும் மாற்றிக்கொள்ள நாம் காரணம் காணவில்லை. டிரைவர் ஒருவனை அடைத்தால் மறுநாள் வேறு டிரைவர் கிடைப்பான். ஆஸ்பத்திரியின் அனுமதிப் பத்திரத்தை நிறுத்தி வைத்தாலோ, மறுநாளே அதன் நிர்வாகஸ்தர் சபை கூடும். இந்த அதிகாரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் கையில் இன்றே இருக்கிறது. அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

பெரிய ஆஸ்பத்திரிகளைப் பற்றியே பேசிவிட்டோம். சிறிய ஸ்தாபனங்களும் தப்பவில்லை. பல் வைத்தியர், இரத்தப் பரிசோதனைக் கூடம், ஆயுர்வேத சித்த வைத்தியசாலை, கால்நடை ஆஸ்பத்திரி, இரத்ததான முகாம், பள்ளிக்கூடத்தின் முதலுதவி அறை வரையில் இவ்விதிகள் செல்லும். முகாம் முடிந்ததும் பந்தலைப் பிரிக்கிறார்கள். பஞ்சையும் ஊசியையும் என்ன செய்கிறார்கள்? நமது அரசியல் நண்பர்கள் தலைவர்களின் பிறந்த நாளுக்கு இரத்ததான முகாம் நடத்துகிறார்கள், போற்றத்தக்க காரியந்தான். அடுத்த முகாமில் மாலையும் ஒலிபெருக்கியும் ஏற்பாடு செய்யும்போது, ஒரு வெள்ளைப் பெட்டிக்கும் ஒரு சிவப்புப் பைக்கும் யார் பொறுப்பு என்பதையும் முடிவு செய்துகொள்வார்களாக. இந்த வேலை செய்யும் தொழிலாளிகளுக்கு ஹெபடைடிஸ்-பி, டெட்டனஸ் தடுப்பூசி போடவேண்டியது ஸ்தாபனத்தாரின் கடமை என்று விதி கூறுகிறது. காண்ட்ராக்ட் தொழிலாளி என்றால் இந்தக் கடமை மறைந்துபோவதாக எங்கும் கூறப்படவில்லை.

இப்பொழுது செய்யத்தக்கது யாது? தமிழ்நாட்டு வாரியமும் கேரள வாரியமும் எல்லையில் லாரிகளை நிறுத்திச் சண்டையிடுவதைக் காட்டிலும், இரு ராஜ்யங்களிலும் ஆஸ்பத்திரி வாரியாகப் புறப்பட்ட பைகளின் கணக்கையும் நிலையங்களில் வந்து சேர்ந்த பைகளின் கணக்கையும் மாதந்தோறும் ஒத்துப் பார்ப்பது பயன் தரும். பிரிக்காமல் கொடுக்கும் ஆஸ்பத்திரியைப் பற்றி உடனே வாரியத்துக்கு எழுதவேண்டுமென்று சுத்திகரிப்பு நிலையத்தாருக்கே விதி கட்டளையிடுகிறது. வாடிக்கைக்காரரைப் பகைத்துக்கொள்ள எவர்தாம் துணிவர்? ஆகையால் வாரியத்தார்தாம் நிலையத்து வாசலில் பையைப் பிரித்துப் பார்க்கவேண்டும். தென் கேரளத்தில் போதுமான நிலையங்கள் எழவேண்டும். எழும் வரையில் பாலக்காடு செல்லும் செலவை அந்த ஆஸ்பத்திரிகளே ஏற்கவேண்டும்.

நம் வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஒவ்வொரு ஸ்தாபனமும் வருஷந்தோறும் ஜூன் 30-ந் தேதிக்குள், சென்ற வருஷத்தில் எந்த வகைக் கழிவு எவ்வளவு உண்டாயிற்று, யாரிடம் கொடுத்தது என்ற விவரத்தை வாரியத்துக்கு அறிக்கையாகக் கொடுக்கவேண்டும். அந்த அறிக்கையைத் தனது இணையதளத்திலும் பிரசுரிக்கவேண்டும். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் அறிக்கை அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் ஏன் இல்லை என்று எழுதிக் கேளுங்கள். இருந்தால், அதிலுள்ள எடையைக் கட்டில்களின் எண்ணிக்கையோடு வைத்துப் பாருங்கள். கணக்கு உதைப்பதாகத் தோன்றினால், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வாரியத்துக்கு ஒரு மனுப் போடுங்கள். முனிஸிபல் கவுன்சிலில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்திலேயே கேள்வியாகக் கொண்டு வாருங்கள். கிடைக்கும் பதில்களை நமக்கும் அனுப்பினால், ஊர் வாரியாக இப்பத்திகளில் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.